யாரும்மா லூசு?

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு துக்கச் செய்தி. எங்கள் சின்னையா தவறிவிட்டார். 86 வயது, கல்யாணச் சாவு என்றாலும் துக்கம் துக்கம்தானே. ஒவ்வொருவராக ஆறுதல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா பேத்தியும் எழுதினாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆங்கிலத்தில் 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று எழுத நினைத்திருக்கிறாள். எல்-ஓ-எஸ்-எஸ் என்று வரவேண்டிய இடத்தில் எல்-ஓ-எஸ்-இ என்று வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டது, அவ்வளவுதான்.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் உடனே, 'இங்கே யாரும்மா லூசு?' என்று கேட்டு நாலு சிரிப்புப் பொம்மை போட்டான். அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். சின்னையாவை இன்னும் வீட்டை விட்டு எடுக்கக்கூட இல்லை. நடு வீட்டில் படுக்க வைத்திருக்கிறது. இங்கே சிரிப்பு நடக்கிறது.

அந்தப் பிள்ளை தன் செய்தியை அழித்தாள். பத்து நிமிடம் கழித்து 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். காலை 6 மணிக்கே அதே தம்பி போட்ட ஆறுதல் செய்தி இருந்தது. 'ஆழ்ந்த இறங்கல்.' வல்லின ற போட்டு! இறங்கல் என்றால் பஸ்ஸை விட்டு இறங்குவது. துக்கத்துக்கு எழுதுவது இரங்கல், இடையின ர. ஆழ்ந்த இறங்கல் என்றால் தூர் வாருவதற்குக் கிணற்றுக்குள் ஆழமாக இறங்கியதாகத்தான் அர்த்தம் பண்ண முடியும். குழுவில் 43 பேர் இருக்கிறோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதே 'இறங்கலை' நகல் எடுத்து இன்னும் மூன்று பேர் போட்டிருந்தார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். படி. உன் பெயரை எழுதவில்லை, அந்த மரியாதை உண்டு.

பிறந்ததிலிருந்து பேசும் மொழியில், நாற்பது வருடம் கையெழுத்துப் போட்ட ஒரு மனுஷன், சாவுச் செய்தியில் தப்பு விட்டால் அது 'டைப்பிங்கில் வந்தது'. பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவள் வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் அவள் லூசு. இது எந்த ஊர் நியாயம்? நான் 34 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள். ஆசிரியர் பயிற்சி முடித்த சாதாரண இடைநிலை ஆசிரியை. ஆங்கிலத்தில் எம்.ஏ. எல்லாம் கிடையாது. ஆனால் இந்த லூஸ், லாஸ் சங்கதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று என் விரலைக் கேட்டால் சொல்லும். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

முதலில் அந்த லூஸையே எடுத்துக்கொள்வோம்.

எல்-ஓ-எஸ்-இ என்றால் இழப்பது. எல்-டபுள் ஓ-எஸ்-இ என்றால் தளர்ந்தது, தொளதொள. முதல் சொல்லின் கடைசியில் வருவது தேனீ மாதிரி இரையும் 'ஸ்'. இரண்டாவதில் வருவது பாம்பு மாதிரி சீறும் 'ஸ்'. தமிழில் அந்தத் தேனீ ஒலியே கிடையாது, அதற்கு எழுத்தும் கிடையாது. நம் காதுக்கு இரண்டும் லூஸ்தான். காதில் ஒன்றாக விழுவதைக் கை எப்படி இரண்டாக எழுதும்?

சரி, எழுத்தையாவது நம்பலாமா? ரோஸ், நோஸ், போஸ், ஹோஸ், குளோஸ், எல்லாம் ஓ-எஸ்-இ என்று முடிகிறவை, எல்லாவற்றிலும் 'ஓ' சத்தம். லூஸோ அதே ஓ-எஸ்-இ வைத்துக்கொண்டு 'ஊ' என்கிறது. தேர்ந்தெடு என்பதற்கு 'சூஸ்' என்கிறோமே, அதில் டபுள் ஓ இருக்கிறது, தேனீ ஒலியும் இருக்கிறது. அதைப் படித்த புத்திசாலிப் பிள்ளை இழப்பதற்கும் டபுள் ஓ போடும். போட்டால் தப்பு. இதில் லூசு யார்? பிள்ளையா, எழுத்துக்கூட்டலா?

இப்படித்தான் எல்-இ-டி. ரீட் என்ற சொல் இறந்தகாலத்தில் 'ரெட்' என்று ஒலித்தாலும் எழுத்து மாறாது, ஆர்-இ-ஏ-டி தான். லீட் என்ற சொல்லும் அப்படித்தானே இருக்கும் என்று பிள்ளை எல்-இ-ஏ-டி என்றே எழுதும். தப்பு, எல்-இ-டி என்று எழுத வேண்டும். எல்-இ-ஏ-டி என்று எழுதி 'லெட்' என்று படித்தால் அது ஈயம். ஒரு சொல்லில் கற்றுக்கொண்ட விதியை அடுத்த சொல்லுக்குக் கொண்டுபோவதைத்தான் அறிவு என்கிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டல் அந்த அறிவுக்கு அடி கொடுக்கும் இடம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று பணியில் இருந்த காலத்தில் நான் யோசித்ததில்லை. ரென் அண்டு மார்ட்டினைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதைச் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது.

இங்கிலாந்தில் காக்ஸ்டன் என்பவர் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அச்சுக்காரர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்துக்கூட்டலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே காலத்தில், சுமார் 1400இல் இருந்து 1700 வரை, அந்த ஊர் மக்களின் வாயில் நெடில் உயிரொலிகள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து அச்சில் நின்றுவிட்டது, வாய் நடந்துகொண்டே இருந்தது. கடலைக் குறிக்கும் எஸ்-இ-ஏ வேறு, பார்ப்பதைக் குறிக்கும் எஸ்-டபுள் இ வேறு என்று அந்தக் காலத்தில் காதிலேயே தெரியும். இறைச்சியும் சந்திப்பும் அப்படித்தான். பிறகு இரண்டு ஒலியும் ஒன்றாகப் போய்விட்டன, எழுத்து மட்டும் இரண்டாகக் கிடக்கிறது. கிரேட், பிரேக், ஸ்டேக் என்று மூன்று சொற்கள் மட்டும் அந்த ஓட்டத்தில் சேராமல் பின்தங்கி நின்றுவிட்டன. நான் பிள்ளைகளிடம் 'இ-ஏ வந்தால் ஈ' என்று விதி சொல்லிவிட்டு, 'கிரேட் மட்டும் கணக்கில் வராது' என்று அதட்டினேன். ஏன் வராது என்று கேட்ட பையனை உட்காரச் சொன்னேன்.

இன்னொன்று கேளுங்கள். நாம் 'குழப்பிக்கொள்ளும் சொற்கள்' என்று பட்டியல் போடுகிறோமே, அதில் எத்தனையோ ஜோடிகள் உண்மையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பூவும் மாவும் ஒரே சொல். ஆமாம், ஃபிளவர் என்றால் பூ. கோதுமையை அரைத்ததில் மிக நைசான, உயர்ந்த பகுதியைக் 'கோதுமையின் பூ' என்று சொன்னார்கள். பின்னால்தான் மாவுக்குத் தனி எழுத்துக்கூட்டல் கொடுத்துப் பிரித்தார்கள். நாமும் தென்னம்பூவைத் தேங்காய்ப்பூ என்று சொல்லாமல், துருவிய தேங்காயைத்தானே தேங்காய்ப்பூ என்கிறோம். நமக்குப் புரியாத விஷயமா இது?

'தென்', 'தேன்' இரண்டும் முன்னே ஒரே சொல். 1700 வாக்கில்தான் ஒன்று 'பிறகு' என்றும் இன்னொன்று 'விட' என்றும் எழுத்தில் தீர்மானமாகப் பிரிந்தன. பிரைஸ் என்றால் விலை, பிரைஸ் என்றால் பரிசு, இதுவும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் கிளைகள். புகழ்வதற்குச் சொல்லும் 'பிரெய்ஸ்' கூட அதே வீட்டுப் பிள்ளைதான். நம் ஊரில் விளையாட்டு விழாவுக்கும் பிரைஸ், கடையில் புளிக்கும் பிரைஸ் என்று ஒன்றாகத்தானே சொல்கிறோம்.

ஸ்டேஷனரி இருக்கிறதே, அது என்னை மிகவும் படுத்திய சொல். ஏ போட்டால் அசையாமல் நிற்பது, இ போட்டால் பேனா, பேப்பர், நோட்டு. 'என்வலப்புக்கு முதல் எழுத்து இ, அதனால் காகிதச் சாமானுக்கு இ' என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன். அது சரியான குறுக்குவழிதான். ஆனால் இரண்டும் ஏன் இப்படி ஒட்டிப் பிறந்தன என்று எனக்கே தெரியாது. தலையில் சுமந்து ஊர் ஊராக விற்காமல், ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம், காகிதம் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர். அசையாத கடைக்காரர்! லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557இலேயே அரசுப் பட்டயம் கிடைத்துவிட்டது. இந்தக் கதையை ஏழாம் வகுப்பில் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒட்டியிருக்கும்! பேருந்து நிலையத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அப்பாவின் மகன் அந்த வகுப்பில் இருந்தான். அவனைக் காட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அடித்தேன்.

ஐ-டி-எஸ் விவகாரம் தெரியும்தானே, மேலே ஒற்றைக் குறி போடுவதா வேண்டாமா என்பது. அதற்குத்தான் தம்பி மாதிரி ஆட்கள் ரொம்பவும் துள்ளுவார்கள். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அச்சிட்ட ஆங்கில வேதாகமத்தில், 'அதனுடைய' என்ற பொருளில் அந்தச் சொல்லே கிடையாது. அவ்வளவு புதுச் சொல் அது. வழக்கத்துக்கு வந்த பிறகும் இருநூறு வருடம் போல மேலே குறி போட்டுத்தான் பலர் எழுதினார்கள். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், 1803இல் லூயிஸ் என்பவரை மேற்குப் பக்கம் ஆறுகளைத் தேடி அனுப்பும்போது கொடுத்த கட்டளைக் கடிதத்தில் அந்தக் குறியோடுதான் எழுதியிருக்கிறார். 'டாக்ஸ் டெய்ல்' என்று நாயின் வாலுக்குக் குறி போடச் சொல்கிறோம், 'அதன் வால்' என்றால் போடாதே என்கிறோம். ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதிலும் குறி இல்லை, அதனால் இதிலும் இல்லை என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். அதைச் சொல்லாமல் 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்டால் என்ன புரியும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஐல்' என்ற சொல். கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், விமானத்தில் இருக்கைகளுக்கு நடுவே நடக்கும் சந்து. அதில் ஒரு எஸ் சும்மா நிற்கும், வாயில் வராது. அந்த எஸ் அங்கே வந்ததே ஒரு குழப்பத்தால்தான். தேவாலயத்தின் பக்கவாட்டுப் பகுதியைச் 'சிறகு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் சொன்னார்கள். அதில் எஸ் கிடையாது. தீவைக் குறிக்கும் சொல் காதுக்கு அதே மாதிரி இருந்ததால், படித்தவர்கள் இரண்டையும் குழப்பி எஸ்ஸைக் கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டார்கள். ஐலண்டில் இருக்கும் எஸ்ஸும் அதே மாதிரி தப்பாக வந்து ஒட்டியதுதான். கேள்வி கேட்க ஆளில்லாத பெரியவர்கள் செய்த குழப்பம் அகராதியில் ஏறிச் சரி ஆகிவிட்டது. லாரி டிரைவர் மகள் செய்தால் வாட்ஸ்அப்பில் சிரிப்பு.

இந்த மாதிரிச் சொற்களுக்கு நம் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழாசிரியர்கள் 'மயங்கொலி' என்பார்கள். அரம் அறம், கரி கறி, பனி பணி, வலி வளி வழி. அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மயக்கத்தை ஒலியின் தலையில் வைத்திருக்கிறார்கள். மாணவனின் தலையில் வைக்கவில்லை. நாம் பிறந்த மொழியிலேயே பெரியவர்கள் அவ்வளவு கருணையோடு பெயர் வைத்திருக்கும்போது, கடன் வாங்கிய மொழிக்கு நாம் ஏன் இவ்வளவு கொடுமைக்காரர்களாக இருக்கிறோம்?

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. லெண்ட், பாரோ இரண்டும் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழாகப் போகும். தமிழில் கடன் ஒன்றுதான், கொடுக்கிறதும் வாங்கிறதும் பின்னால் வரும் வினைதான் காட்டும். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு சொல். இது வேறு வகைக் குழப்பம், ஒலியால் வருவதில்லை. இதை ஒரு நோட்டை வைத்து இரண்டு பிள்ளைகளை நிற்கவைத்துக் கைமாற்றிக் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்தது.

அதேபோல், வெள்ளைக்காரர்களே தினமும் சறுக்கும் லை, லே. ஒன்று தானாகப் படுப்பது, ஒன்று இன்னொன்றைக் கிடத்துவது. போதாதற்கு முதல் சொல்லின் இறந்தகாலமும் இரண்டாவது சொல்லும் ஒன்றாக இருக்கும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதில் விழுந்து எழுவது உலகறிந்த சங்கதி. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு காசுக்குப் பெறாது! தன்வினை, பிறவினை என்று ஆறாம் வகுப்பிலேயே நமக்கு வந்துவிடுகிறதே. உருள், உருட்டு. ஓடு, ஓட்டு. திருந்து, திருத்து. ஆங்கிலத்தில் அதே மாதிரி நாலைந்து ஜோடிதான் மிச்சம் நிற்கிறது. லை, லே. சிட், செட். மரம் தானாக விழுந்தால் ஃபால், வெட்டிச் சாய்த்தால் ஃபெல். 'இது உருள் உருட்டு மாதிரிடா' என்று ஒரு தடவை சொன்னேன், வகுப்பில் பாதிப் பேர் அப்புறம் தப்பே விடவில்லை. என் ஆசிரிய வாழ்க்கையில் நான் பெருமைப்படும் சில நாட்களில் அது ஒன்று. மீதிப் பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அன்றைக்கு ஊரில் திருவிழா.

இப்போது தம்பி சொல்வான், 'அக்கா, நீங்களே வாத்தியார், தப்பைத் தப்புன்னு சொல்லக் கூடாதா? நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல எவனாவது சிரிப்பானே' என்று. கேட்பான், எனக்குத் தெரியும். சரியான கேள்விதான்.

சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் பிழை இருந்தால் குப்பைக்குத்தான் போகும். அதனால்தான் என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்றைக்கும் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பித் திருத்தி வாங்குகிறீர்கள். நானும் எனக்குத் தெரியாததை என் மருமகளிடம் கேட்டுத்தான் திருத்துகிறேன். ஆனால் அதை நான் உங்கள் தெருவில் தண்டோரா போட்டுச் செய்வதில்லையே. தனியாக ஒரு செய்தி, 'அம்மாடி, அது எல்-ஓ-எஸ்-எஸ், மாத்திடு' என்று. அரை நிமிட வேலை. அவள் மாற்றியிருப்பாள், நன்றி சொல்லியிருப்பாள், சாகிற வரைக்கும் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டாள். நீ அவளுக்காகச் சொல்லவில்லை தம்பி. 43 பேர் முன்னால் உனக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னாய்.

உண்மையிலேயே ஆளைக் கொல்லும் குழப்பங்கள் இருக்கின்றன. ஹைப்பர், ஹைப்போ. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு. சர்க்கரை ஏறியதற்குச் செய்வதைச் சர்க்கரை இறங்கியவருக்குச் செய்தால் என்ன ஆகும்? போன மாதம் என் வீட்டுக்காரருக்கு விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டதோ என்றுதான் பயம். இந்தப் பிள்ளைக்குத்தான் போன் போட்டேன். 'அம்மாச்சி, மெஷின்ல பாத்துச் சொல்லுங்க' என்றாள். சொன்னேன். 'இது ஹைப்போ அம்மாச்சி, குறைஞ்சிருக்கு. முழுங்க முடியுதில்ல? உடனே சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, கால் மணி நேரத்துல திரும்பப் பாருங்க' என்றாள். கொடுத்தேன், மனுஷர் தெளிந்தார். எந்தச் சொல்லில் தடுமாறக் கூடாதோ அந்தச் சொல்லில் அவள் தடுமாறவில்லை. அவளைத்தான் தம்பி நீ லூசு என்றாய்.

பெட்ரோல் டேங்கர் லாரிகளின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்று அர்த்தம். ஆனால் 'இன்' என்று தொடங்கும் சொற்கள் பலவற்றில் அது 'இல்லை' என்று பொருள்படும். அதனால் தீப்பிடிக்காது என்று யாராவது நினைத்துவிட்டால்? கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் தீத்தடுப்புக்காரர்களுக்கு இந்தப் பயம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? படிக்கிறவனைப் பார்த்து 'லத்தீன் தெரியாத லூசே' என்று சிரித்தார்களா? சொல்லையே மாற்றினார்கள். முன்னால் இருந்த 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொன்னார்கள். ஆளின் உயிர் பெரிது என்று நினைத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு எல்லாம் இது கருவிலேயே வந்துவிடுகிறது என்றும் நினைக்காதீர்கள். ஃபௌலர் என்று ஒருவர், அவரும் நம்மைப் போலப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான், 1926இல் ஆங்கிலப் பிரயோகத்துக்கென்று ஒரு தடித்த அகராதி எழுதினார். எந்தச் சொல்லை எங்கே போடுவது, எதையெதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பக்கம் பக்கமாக. யாருக்காக? படித்த ஆங்கிலேயர்களுக்காக. நமக்காக இல்லை. 'தேர்' என்று ஒலிக்கும் மூன்று சொற்களையும் 'யுவர்' என்று ஒலிக்கும் இரண்டையும் அங்கே பிறந்தவர்கள்தான் அதிகம் குழப்புவார்கள். அவர்கள் காதால் மொழியைக் கற்றவர்கள். நம் பிள்ளைகள் கண்ணால் கற்றவர்கள், அதனால் அந்தப் பள்ளத்தில் குறைவாக விழுவார்கள். நம் பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி தினமும் காலையில் அனுப்புகிறானே, 'நாம் தவறாகப் பயன்படுத்தும் 100 ஆங்கிலச் சொற்கள்' என்று ஒரு படம், ரோஜாப்பூ பின்னணியில். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது எனக்கே பட்டு வந்த புத்தி. ஒரு தடவை நான் குழப்பும் சொற்கள் இருபதை ஒரே நாளில் ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மறுநாள் சொல்வதெழுதுதல் வைத்தால், அதுவரை சரியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடத் தப்பாக எழுதினார்கள். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி 'இவன் ராமன், இவன் லட்சுமணன், மாத்திடாதே, மாத்திடாதே' என்றால் கட்டாயம் மாற்றித்தான் சொல்லுவோம். ஒன்றை நன்றாகப் பழக்கி, வாக்கியத்தில் வைத்து, வாரக்கணக்கில் புழங்கவிட்டு, அப்புறம்தான் மற்றதைக் காட்ட வேண்டும். தேனீ, பாம்பு சத்தத்துக்குத் தொண்டையில் கை வைக்கச் சொல்லுவேன். தேனீக்குத் தொண்டை அதிரும், பாம்புக்கு அதிராது. அட்வைஸ் என்றால் அறிவுரை, அட்வைஸ் என்றால் அறிவுரை சொல்லுவது, இந்த இரண்டையும் அப்படித்தான் பிரித்தேன். உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும், மொத்த வகுப்பும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட, தலைமையாசிரியர் பயந்து ஓடி வந்தாரே.

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியமா என்றால், இல்லை.

1989இல் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். 'என் தாய்' என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். 'மை மதர் ஈஸ் குவயட்' என்று எழுத நினைத்திருக்கிறான், அம்மா அமைதியானவர் என்று. இ-டி என்று முடிய வேண்டியது டி-இ என்று முடிந்து 'குவைட்' ஆகிவிட்டது. நான் நோட்டைத் தூக்கிப் பிடித்து, 'உங்கம்மா ரொம்ப! ரொம்ப என்னடா? ரொம்ப நல்லவங்களா, ரொம்பக் குண்டா?' என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் ஆங்கிலப் புத்தகத்தை எழுந்து படிக்கவே இல்லை. எழுப்பினால் நிற்பான், தலையைக் குனிவான். பத்தாம் வகுப்பில் மற்ற பாடம் எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் ஒருத்திதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் போர் மோட்டார் எரிந்துபோய், ரீவைண்டிங் பண்ணக் கொண்டுபோனோம். கடைக்காரர் எழுந்து நின்று, 'டீச்சர், உக்காருங்க' என்றார். தலை நரைத்திருந்தது. எனக்கு முகம் பிடிபடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பில் எழுதும்போது தலையைத் தூக்காமல், 'கியூ-யூ-ஐ-இ-டி. சரிதானே டீச்சர்?' என்றார். சரி என்றேன். 'மறக்கவே இல்ல டீச்சர். எழுதுறதுக்குத்தான் அப்புறம் எடமே அமையல' என்று சிரித்தார். மோட்டாருக்குக் கூலியில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். வாங்காதே என்று என் மனசு சொல்லியது, வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதனால்தான் தம்பி, அந்த நாலு சிரிப்புப் பொம்மையைப் பார்த்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேல் இருக்கும் கோபம்.

அந்தப் பிள்ளையிடம் போனில் பேசினேன். 'இனிமே குரூப்புல இங்கிலீஷ்ல போட மாட்டேன் அம்மாச்சி' என்றாள். தமிழில் போடேன் என்றேன். 'அதுல எந்த ர, எந்த ற-ன்னு சந்தேகமா இருக்கு, வேணாம்' என்றாள். ஒரு மொழியில் சிரித்ததற்கு இரண்டு மொழியிலும் வாயைக் கட்டிக்கொண்டுவிட்டாள். நாளைக்கு வார்டில் டாக்டர் சொன்னதில் சந்தேகம் வந்தால் இவள் வாய் திறந்து கேட்பாளா? என் கவலை அதுதான். கேட்காத நர்ஸ் கையில் ஊசி இருந்தால் படுத்திருக்கிறவர் கதி என்ன?

சின்னையாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் வருகிற வியாழக்கிழமை. எல்லாரும் வந்துவிடுங்கள், காலை 9 மணிக்குள். அவளும் லீவு போட்டு வருகிறாள். குழுவில் அவளை மறுபடி சேர்க்கச் சொல்லி அட்மினிடம் சொல்லிவிட்டேன். தம்பி, அவள் உள்ளே வந்ததும் முதல் செய்தி உன்னுடையதாக இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். 'மன்னித்துக்கொள்' என்று தமிழிலேயே போடு. அதில் ர-வும் வராது, ற-வும் வராது. ன மட்டும் இரண்டு சுழி, பார்த்துப் போடு.